எச்சிலின் சாட்சியம்: முத்துக்குளித்துறைக் கரையில் மெல்லும் புகையிலையும் உமிழ்நீர்ச் சோதனையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



வாய்நோயைப் பற்றித் தூத்துக்குடியில் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஒரு தரம் வெற்றிலைக்கு வேண்டிய நான்கு சரக்கும் இந்தக் கடலோடு உறவுள்ளவை. வெற்றிலை ஆத்தூரிலும் முக்காணியிலும் கொற்கைப் பக்கத்திலும் தாமிரபரணித் தண்ணீரில் விளைகிறது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாக்கு இலங்கையிலிருந்து தோணியேறி வந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனி, முத்தோடும் சங்கோடும் சேர்த்து இலங்கைப் பாக்கு வணிகத்தையும் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ளப் பாடுபட்டது. சுண்ணாம்பு, கரையோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டால் கிடைத்தது. புகையிலை யாழ்ப்பாணத்து மண்ணில் விளைந்து, கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு வெகுகாலம் பெரிய சந்தை அதுதான்.

இன்று அந்த நான்கில் புகையிலை மட்டும் தனியே பிரிந்து பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. ஹான்ஸ் என்றும் கூல் லிப் என்றும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். பெட்டிக்கடைக்குப் போகாத வயதான பெண்கள் பழையபடி முந்தியில் போயிலைக் காம்பு முடிந்து வைத்திருக்கிறார்கள். வடிவம் எதுவானாலும் அது போய்ச் சேரும் இடம் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள பள்ளம். அங்கே மணிக்கணக்கில் ஊறுகிறது. ஊறும்போது கூடவே இருப்பது உமிழ்நீர்.

அந்த உமிழ்நீரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த வாய்க்குள் புகையிலை போனதா? போனது இங்கே என்ன செய்தது? புற்றுநோய் தொடங்கிவிட்டதா? முதல் கேள்விக்கு உமிழ்நீர் தெளிவாகப் பதில் சொல்கிறது. இரண்டாவதற்குத் தயங்கித் தயங்கிச் சொல்கிறது. மூன்றாவதற்கு, நம்பி ஓர் ஊரையே சோதிக்கும் அளவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆகவே, இந்தக் கரையில் உமிழ்நீர்ச் சோதனையின் முதல் வேலை, புகையிலையை விட நினைப்பவருக்குத் துணை நிற்பது. புற்றுநோயைத் தேடும் வேலையை இப்போதைக்கு டார்ச் லைட்டும் பழகிய கண்ணும்தான் செய்ய வேண்டும். இந்தச் சொற்பொழிவு நிறுவ முயல்வது இவ்வளவுதான்.

1. பக்கத்திலேயே சான்று இருக்கிறது

புகையிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை மேல்நாட்டு ஆய்வகங்கள் கண்டுபிடித்து நமக்குச் சொன்னதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தத் தொடர்பை உலகுக்கு எழுதிக் காட்டிய ஆரம்பகால மருத்துவமனைகளுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் இருக்கிறது. 1902இலேயே சென்னையில் நிப்லாக் என்ற அறுவை மருத்துவர், இந்தியாவில் கண்ட புற்றுநோய் பற்றி 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் எழுதும்போது வெற்றிலை போடும் பழக்கத்தைச் சுட்டினார். ஆனால் எண்ணிக்கையோடு பேசியது நெய்யூர். அன்று திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊரின் லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணிசெய்த பென்டால், 1908இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர் கண்டவற்றில் பெரும்பகுதி வாய் சார்ந்தவை. ஐரோப்பிய மருத்துவமனைகளில் வயிறும் மார்பும் கருப்பையும் முன்னே நின்ற காலத்தில், தென் திருவிதாங்கூரில் வாய் முன்னே நின்றது.

கால் நூற்றாண்டு கழித்து அதே நெய்யூரிலிருந்து இயன் ஆர் என்பவர் 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அப்போது நெய்யூரின் தலைமை அறுவை மருத்துவர் சாமர்வெல். 1922, 1924 ஆண்டுகளில் எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த அதே சாமர்வெல்தான். ஆர் செய்தது எளிய, ஆனால் கூர்மையான வேலை. நோயாளி எந்தக் கன்னத்தில் அதக்குகிறார், இரவில் அதக்கியபடியே தூங்குகிறாரா, எந்த வகைப் புகையிலை என்றெல்லாம் விசாரித்து, புற்று எழும் இடத்தையும் பழக்கத்தையும் பொருத்திப் பார்த்தார். அதக்கும் இடத்தில்தான் புண் எழுகிறது என்பது இன்றும் எந்தப் பல் மருத்துவரும் நாளும் காணும் உண்மை.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரிந்த செய்தி இது. இருந்தும் 2022ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி, உதடு, வாய்ப்பகுதிப் புற்றுநோயின் புதிய நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,43,000 பேர். தமிழ்நாட்டைப் பற்றி இன்னொரு கணக்கு கூடுதலாகக் கவலை தருகிறது. பெரியவர்களின் புகையிலைப் பயன்பாடு பற்றிய தேசிய ஆய்வு 2009-10க்கும் 2016-17க்கும் இடையில் இந்தியா முழுமைக்கும் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6க்கு இறங்கியதாகக் காட்டியது. அதே காலத்தில் தமிழ்நாடு 16.2இலிருந்து 20.0க்கு ஏறியது. அந்த 20இல் பாதிக்கு மேல், அதாவது பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினர், புகையில்லாப் புகையிலை பயன்படுத்துகிறவர்கள்.

2. கன்னத்துக்குள் நடப்பது

சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டால் 'சிவக்கிறதுக்கு' என்று சொல்வார்கள். சிவப்பது உண்மை. அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அது செய்கிறது. நிக்கோட்டின் அமிலச் சூழலில் மின்னேற்றம் பெற்ற நிலையில் இருக்கும். அந்த நிலையில் வாயின் மென்தோலை அது எளிதில் கடப்பதில்லை. காரம் கூடக்கூட மின்னேற்றமற்ற நிலைக்கு மாறும். பிஹெச் அளவு 6இல் நூற்றில் ஒரு பங்குதான் அப்படி மாறியிருக்கும். 8இல் ஏறத்தாழப் பாதி. 9இல் பத்தில் ஒன்பது. விரல் நுனியில் எடுத்துத் தடவும் சுண்ணாம்பு, நிக்கோட்டின் இரத்தத்துக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடுகிறது. சுண்ணாம்பு சேர்க்காத பாக்கெட் புகையிலையில் இந்த வேலையைத் தொழிற்சாலையில் சேர்க்கும் காரப்பொருள்கள் செய்கின்றன.

நிக்கோட்டின் அடிமைப்படுத்துகிறது. புற்றைத் தருபவை வேறு. புகையிலையைப் பதப்படுத்தி வைத்திருக்கும்போதே அதில் நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று விளைவிப்பவை என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. பாக்கும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, புகையிலை சேராவிட்டாலும் கூட. 2004இல் வந்த அந்த முடிவு நம் ஊர்ப் பந்திகளுக்கும் சுபகாரியத் தட்டுகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. வெற்றிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆத்தூர்க் கொடிக்கால் விவசாயிகள் இந்த உரையைக் கேட்டு மனம் கலங்க வேண்டியதில்லை.

உமிழ்நீர் இந்தக் கதைக்குள் முக்கியச் சாட்சியாக வந்தது 1985இல். பிரான்சின் லியோன் நகரில் இருந்த நாயர், ஓஷிமா, பார்ட்ஷ் ஆகியோரும் மும்பையில் எஸ். வி. பிடே அவர்களும் சேர்ந்து, வெற்றிலை போடுகிறவர்களின் உமிழ்நீரையும் சிறுநீரையும் சோதித்தார்கள். புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களும், பாக்கிலிருந்து பிறக்கும் நைட்ரோசமைன்களும் உமிழ்நீரில் இருந்தன. ஆய்வகத்தில் வெற்றிலைத் தரத்தோடு நைட்ரைட்டைச் சேர்த்தபோதும் அதே வகைச் சேர்மங்கள் உருவாகின. நைட்ரைட்டுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. கீரையிலும் குடிதண்ணீரிலும் உள்ள நைட்ரேட் உமிழ்நீர்ச் சுரப்பி வழியாக வாய்க்கு வருகிறது. நாக்கின் மேல் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றிவிடுகிறது. ஆக, நஞ்சு பாக்கெட்டில் வருவதோடு நிற்பதில்லை, வாய்க்குள்ளும் உற்பத்தியாகிறது. வாயைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லும் பல் மருத்துவரின் பேச்சுக்கு இப்படி ஒரு பொருளும் உண்டு.

3. முதல் கேள்வி: போனதா?

நிக்கோட்டின் உடலுக்குள் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதைத் தேடிப் பயனில்லை. கல்லீரல் அதைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. கோட்டினின் பாதியாகக் குறையப் பதினாறு மணி நேரம் அளவில் ஆகும். ஆகவே கடைசியாகப் புகையிலை போட்ட பின் மூன்று நான்கு நாள் வரை உமிழ்நீரில் அது பிடிபடும். இரத்தம் குத்த வேண்டாம், ஊசி வேண்டாம், சிறுநீருக்காக மறைவிடம் வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்து ஏலக்கூடத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டே மாதிரி எடுத்துவிடலாம்.

இது ஏன் முக்கியம்? புகையிலை பற்றிய நம் கணக்கெல்லாம் ஆட்கள் வாயால் சொன்னதை நம்பி எழுதியது. ஆண்கள் பீடியை ஒப்புக்கொள்கிறார்கள். பெண்கள் போயிலையை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை; கர்ப்பிணிகள் அறவே சொல்வதில்லை. பள்ளிப் பிள்ளைகள் கூல் லிப்பைச் சொல்லவே மாட்டார்கள். கர்ப்பிணி போயிலை போட்டால் பிள்ளை எடை குறையும் என்பது ஊகம் அல்ல. மும்பையில் பிரகாஷ் குப்தா, ஸ்ரீவித்யா இருவரும் செய்து 2004இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக நூறு கிராமுக்கு மேல் எடை குறைந்திருந்தன. உப்பளத்தில் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் பெண், பசியும் பல்வலியும் தெரியாமல் இருக்கப் போயிலை போடுகிறாள் என்றால், அவளைக் குற்றவாளியாக்காமல் உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும்.

ஆனால் கோட்டினின் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பழக்கத்தை விடுவதற்கு மருத்துவர் கொடுக்கும் நிக்கோட்டின் சூயிங்கமும் உமிழ்நீரில் கோட்டினினை ஏற்றும். விட்டுவிட்டவரைப் பார்த்து 'நீ விடவில்லை' என்று சொல்லும் அநியாயம் நடக்கலாம். அதற்கு அனபேசின், அனடாபின் என்ற இரண்டு பொருள்கள் உதவும். அவை புகையிலையில் உண்டு, சூயிங்கத்தில் இல்லை. என்.என்.கே. உடலில் மாறிப் பிறக்கும் என்.என்.ஏ.எல். என்பது வாரக்கணக்கில் தங்கும், ஆனால் அதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவை. இந்த மாவட்டத்துக்கு முதல் தேவை கோட்டினின் தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை ஆளைப் பிடிக்கும் கருவியாகிவிடக் கூடாது. கப்பலில் சரக்கு ஏற்றும் தொழிலாளியின் எச்சிலைக் கான்ட்ராக்டர் சோதித்து வேலையை விட்டு நிறுத்தும் நிலை வந்தால், அடுத்த நாளிலிருந்து எவரும் வாய் திறக்க மாட்டார்கள். முடிவு சோதிக்கப்பட்டவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டுமே போக வேண்டும்.

4. இரண்டாம் கேள்வி: என்ன செய்தது?

இங்கே உமிழ்நீர் தடுமாறுகிறது. புகையிலை அதக்குகிறவர்களின் உமிழ்நீரில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின் வகைகள், செல்கள் சிதைவதைக் காட்டும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற எல்.டி.எச்., கொழுப்புச் சவ்வு கெடுவதைக் காட்டும் மாலோன்டையால்டிஹைடு ஆகியவை கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை மாணவர்களும் இத்தகைய ஆய்வுகளில் நிறைய உழைத்திருக்கிறார்கள். வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் நோயில் எல்.டி.எச். கூடுவது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. பாக்கில் செம்பு அதிகம். அது தோலுக்கடியில் உள்ள நார்களைப் பிணைக்கும் நொதியைத் தூண்டுகிறது என்பதும் அந்த நோயின் காரணங்களில் ஒன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். ஈறு நோய் இருந்தாலே இன்டர்லூக்கின் கூடும். சொத்தைப் பல், பீடி, மது, சர்க்கரை நோய் எல்லாம் அதே அளவுகளை அசைக்கும். நம் கடற்கரையில் நாற்பது வயதுக்கு மேல் ஈறு நோய் இல்லாத வாயைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆகவே அளவு கூடியிருக்கிறது என்பதிலிருந்து புகையிலைதான் காரணம் என்று ஒரு தனி ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. உமிழ்நீர் சுரக்கும் அளவு குறைகிறதா, அதன் காரத்தன்மை மாறுகிறதா என்பதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை.

மாதிரி எடுப்பதே ஒரு தனி வித்தை. காலை வேளையில், ஒரு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீரில் வாய் கொப்பளித்து, தலையை முன்னே சாய்த்து உட்கார வேண்டும். உமிழ்நீரைத் துப்பக் கூடாது. கீழுதட்டின் வழியே தானாக அளவுக் குழாய்க்குள் வழியவிட வேண்டும். குழாய் ஐஸில் நிற்க வேண்டும். ஈறில் இரத்தம் கசிந்து ஒரு துளி கலந்தாலும் கணக்கு தப்பும். கொப்பளிக்காமல் விட்டால், போன நிமிடம் போட்ட புகையிலைத் தூளே மாதிரியில் மிதக்கும். ஐஸுக்குத் துறைமுகத்தில் பஞ்சமில்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குள் திரும்புகின்றன. தருவைக்குளத்துப் படகுகள் பல நாள் கடலிலேயே தங்குகின்றன. புத்தகம் சொல்லும் 'காலை ஒன்பது முதல் பதினொன்று' என்ற நேரத்தில் கரையில் கிடைப்பவர் கடலுக்குப் போகாதவர். சென்னையில் எழுதிய ஆய்வுத் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் யாருக்கு நோயின் ஆபத்து அதிகமோ அவர்கள்தான் விடுபட்டுப் போவார்கள்.

5. மூன்றாம் கேள்வி: தொடங்கிவிட்டதா?

2004இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டேவிட் வாங் குழுவினர், உமிழ்நீரில் மிதக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு வாய்ப்புற்றைக் கண்டறியலாம் என்று காட்டியபோது உலகமே நிமிர்ந்து பார்த்தது. தொடக்க நிலை நோயாளிகள் 32 பேர், நோயற்றவர்கள் 32 பேர். நோயுள்ளவரில் நூற்றுக்கு 91 பேரைச் சோதனை பிடித்தது. நோயற்றவரில் நூற்றுக்கு 91 பேரைச் சரியாக விடுவித்தது. 2008இல் ஐந்து புரதங்களை வைத்தும் அதே குழு நல்ல முடிவைக் காட்டியது. அருமையான அறிவியல் அது.

ஆனால் அந்த 91ஐ ஊருக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் இருவருக்குப் புற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 998 பேரில் நூற்றுக்கு ஒன்பது பேர், அதாவது ஏறத்தாழ 90 பேர், நோய் இல்லாமலே 'நோய் உண்டு' என்ற தாளோடு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு பேரைக் கண்டுபிடிக்கத் தொண்ணூறு குடும்பங்கள் தூக்கம் இழக்கும். அதுவும் ஈறு நோய் மலிந்த கூட்டத்தில் தவறு இன்னும் கூடும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிறு மாதிரியை வைத்து முடிவெடுக்கும் முறை ஒன்று இந்தக் கடலிலும் இருந்தது. குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள், முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளான பார்களைச் சுற்றிப் பார்த்து, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். ஒரு பாரின் மாதிரியை வைத்து எல்லாப் பாரையும் எடை போடுவதில்லை; சிப்பி முற்றாத பாரை விட்டுவிடுவார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிச் சுற்று வரைக்கும் அந்த நிதானம் இருந்தது. 64 பேரை வைத்துச் செய்த சோதனையை ஒரு மாவட்டத்துக்கே பொருத்த நினைப்பவர்களிடம் அதே நிதானத்தைத்தான் எதிர்பார்க்கிறோம்.

அதற்குள் கையில் இருக்கும் வழியை விட்டுவிடக் கூடாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, 13 பகுதிகளில் சுமார் 1,92,000 பேரைச் சேர்த்துக்கொண்டது. சங்கரநாராயணன் குழுவினர் அதன் முடிவை 2005இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள், மருத்துவர்கள் அல்லர், வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் வரும் சாவு இதனால் 34 விழுக்காடு குறைந்தது. புற்றுநோய்ப் பரிசோதனையில் இவ்வளவு எளிய கருவியோடு இவ்வளவு பயன் கிடைத்த ஆய்வுகள் உலகில் மிகச் சில.

அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. முதலில் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கிறதா என்று பார்க்கிறோம். உதட்டின் உட்புறத்தை மடித்துப் பார்க்கிறோம். கூல் லிப் வைக்கும் இடம் அது. இரு கன்னங்களையும் கண்ணாடியால் விலக்கி, எந்தப் பக்கம் அதக்குகிறாரோ அந்தப் பக்கத்தைக் கூடுதல் நேரம் பார்க்கிறோம். காஸ் துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து இரு ஓரங்களையும் அடிப்புறத்தையும் பார்க்கிறோம். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெளுத்து இறுகிய கன்னம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அவர் மேல்பரிசோதனைக்கு அனுப்பி வைக்க வேண்டிய ஆள். இதற்குச் சில நிமிடம் போதும். முப்பது முதல் 65 வயது வரையுள்ள எல்லோருக்கும் வாயைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர் இரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார். அவர் கையில் ஒரு டார்ச்சும் இருக்கட்டும்.

6. தடைக்காலம் என்ற வாய்ப்பு

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு 2001இலேயே குட்காவுக்குத் தடை விதித்தது; 2004இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்த வகைத் தடைகள் விழுந்தன. 2013 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பள்ளி மாணவர்களிடம் பரவும் கூல் லிப்பை நாடு முழுதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. இத்தனை ஆண்டுகளாகத் தடை இருந்தும் பாக்கெட் கிடைக்கிறது. சட்டம் தேவைதான். ஆனால் கடலில் வலை இழுக்கும் நேரத்தில் கன்னத்தில் அதக்கியிருப்பதைச் சட்டம் வெளியே எடுக்காது.

கடலில் அதக்குவதற்குக் காரணங்கள் உண்டு. ஈரக்காற்றில் பீடி நிற்காது. இரண்டு கையும் வலையில் இருக்கும். டீசல் மணக்கும் படகில் நெருப்பு ஆபத்து. துறைமுகத் தளத்திலும் நெருப்புக்குத் தடை. இரவு விழிப்பும் பசியும் தனி. 'போயிலை போட்டாத்தான் கண்ணு முழிக்கும்' என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, நிக்கோட்டின் அப்படித்தான் வேலை செய்கிறது. இந்தக் காரணங்கள் இருக்கும் இடத்தில் விடச் சொல்வதைவிட, அவை இல்லாத நேரத்தில் விடச் சொல்வது புத்திசாலித்தனம்.

அப்படி ஒரு நேரத்தை அரசே ஆண்டுதோறும் கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலையும் இன்ஜினும் பழுது பார்க்கப்படும். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். இந்த 61 நாளுக்கும் வாயின் மென்தோலுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1999இல் வெளியான அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்கள் பற்றிய ஆய்வில், புகையில்லாப் புகையிலையால் வந்த வெள்ளைத் திட்டுகள், பழக்கம் முற்றிலும் நிறுத்தப்பட்ட ஆறு வாரத்தில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மறைந்துபோயின. அவர்கள் இளைஞர்கள், பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து இருபது ஆண்டு போட்டவர்களுக்கு அதே வேகத்தை வாக்களிக்க முடியாது. இறுகிப்போன வாய் அப்படித் திரும்புவதும் இல்லை. ஆனாலும் எர்ணாகுளம் உள்ளிட்ட மூன்று மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பயன்பாட்டாளர்களிடம் நடந்து 1986இல் வெளியான இந்திய ஆய்வும் இதே திசையில்தான் சொன்னது: எடுத்துச் சொன்ன இடங்களில் பழக்கத்தை விட்டவர்கள் கூடினார்கள், புதிய வெள்ளைத் திட்டுகள் குறைந்தன.

ஆகவே இந்த அவையின் முன் வைக்கும் திட்டம் இது. தடைக்காலத்தின் முதல் வாரத்தில் தருவைக்குளம், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு போன்ற ஊர்களில் வாய்ப் பரிசோதனை. விரும்புபவருக்கு மட்டும் கோட்டினின் சோதனை. சோதனை காட்டும் எண்ணை அவர் கையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது. மூன்றாம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் மறுபடி அதே சோதனை. எண் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பவருக்கு அதில் ஒரு பிடிப்பு வரும். வெள்ளைத் திட்டு உள்ளவருக்குக் கண்ணாடியில் அதைக் காட்டி, எட்டாம் வாரம் மறுபடி காட்டுவது. மறையாத திட்டுக்கு உடனே திசுப் பரிசோதனை. படகுக்காரர் சங்கங்களும் பங்குக் கோயில்களும் ஜமாஅத்துகளும் இடம் கொடுத்தால், மாவட்டத்து மருத்துவ மாணவர்கள் ஆள்பலம் கொடுக்க முடியும். உப்பளத் தொழிலாளர்களுக்கும் துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் மழைக்கால ஓய்விலோ விடுமுறை நாளிலோ இதையே செய்யலாம். உமிழ்நீரில் அழற்சி அளவுகளையும் கூடவே சேமித்து வைத்தால், இரண்டாம் கேள்விக்கான பதிலும் நம் கரையிலிருந்தே மெல்ல உருவாகும். விட்டவரின் அளவு அவருடைய பழைய அளவோடு ஒப்பிடப்படுவதால் ஈறு நோயின் குழப்பமும் பாதி குறையும்.

உமிழ்நீரைச் சோதித்துப் புற்றுநோயைச் சொல்லிவிடுவதாக யாரேனும் கிட் கொண்டுவந்து விற்றால் வாங்க வேண்டாம். வாயில் இரண்டு வாரம் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு நேரே போங்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். இந்த அரங்கை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் கடலுக்குப் போகும் ஒருவருக்காவது அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.